கணவாயில், அடுத்த வருஷம்

ஏட்டு பச்சியப்பன் கூப்பிட்டால்
கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்தும் எழுந்து போக வேண்டும்.
தொப்பூர் இறக்கத்தில்
டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விட்ட லாரி
எதையாவது மடக்கிப் போட்டிருக்கும்.
டேப்பை விரிப்பார்கள், சாக்பீஸால் சுற்றுவார்கள்.
நான் நாலு திசையில் நாலு,
நம்பர் பிளேட் ஒன்று,
முகம் ஒன்று.
பின்பக்கம் குற்ற எண் எழுதிக் கொடுத்தால்
எட்டு மாதம் கழித்து பில் பாஸாகும்,
ஆகாமலும் போகும்.

அது தொழில்.

பாளையம்புதூரில் ஒரு மஞ்சள் நீராட்டு முடித்துத் திரும்பும்போது
கேமராத் திரையின் மூலையில் தேதி பார்த்தேன்.
நவம்பர் ஒன்பது.
போன நவம்பர் ஒன்பதுக்கு இதே வளைவில்
எண்ணெய் வழிந்த தாரில் முட்டி போட்டிருந்தேன்.
வண்டியை ஓரங்கட்டினேன்.
அதே இடம், அதே உயரம், முட்டியும் போட்டாயிற்று.
சிவப்பாக ஒரு பின்விளக்குச் சில்லு,
அதன்மேல் படர்ந்து நெருஞ்சி பூ விட்டிருந்தது.
எடுத்தேன்.
ஏனென்று அன்றைக்குக் கேட்டிருந்தால் தெரியாது.

வீட்டில் கனகு கேட்டது வேறு:
"இதுக்கு யாரு பில்லு போடறது?"

பதினோரு வருஷம். நூற்று நாற்பத்து மூன்று இடம்.
காலண்டரில் முகூர்த்தங்கள் பச்சை மையில்,
இது பென்சிலில்.
ஒரு வருஷம் போனால் வளைவே இல்லை,
நிமிர்த்திவிட்டிருந்தார்கள்;
புது சிமெண்டுச் சுவரை எடுத்துக்கொண்டு வந்தேன்.
இன்னொரு தேதிக்குக் குரங்கு ஒன்று உட்கார்ந்து
யாரோ வீசிய சிப்ஸ் பாக்கெட்டை நக்கிக்கொண்டிருந்தது,
சரியாக, சாக்பீஸ் கோட்டில் தலைப்பக்கம் இருந்த இடத்தில்.
காத்திருந்தேன். நகரவில்லை.
குரங்கோடு எடுத்தேன்.
ஒருமுறை எனக்கு முன்பே ஒருவர்
மாலையோடு நின்றிருந்தார்;
கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டு
பஞ்சர் பார்ப்பதுபோல் டயரைத் தட்டினேன்.
ஆல்பத்தில் அந்தப் பக்கம் காலி.

போட்டிக்கு அனுப்பச் சொன்னார் லேப் தஸ்தகீர்.
தலைப்பு கேட்டார்கள், அரைப்பக்கம் நோக்கம் கேட்டார்கள்.
"சாலை ஓரம்" என்று எழுதினேன்.
அதற்குமேல் பேனா வரவில்லை.

போன தை மாதம்
சங்ககிரியிலிருந்து வசந்தாமணி என்று ஒரு அம்மா,
கிளீனராகப் போன மகனுக்காக.
நல்லம்பள்ளி ஸ்டுடியோ வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.
ஸ்டேஷனில் காட்டினது வேண்டாம்,
இடம் மட்டும் பார்க்கணும் என்றார்.
பஸ்ஸில் போகும்போது எந்தத் திருப்பம் என்று
கண்டக்டருக்கும் தெரியவில்லையாம்.

இரண்டாவது ஃபைலை எடுத்தேன்,
முதன்முதலாக இன்னொருவர் கைக்கு.
தும்பைச் செடி. ஒரு வெள்ளாட்டுக் குட்டி,
காதில் இன்ஷூரன்ஸ் வில்லை.
பின்னால் மங்கலாக மலை.
கண்ணாடியை ஏற்றி இறக்கி நெடுநேரம் பார்த்தார்.
அழுவார் என்று தண்ணீர் மொண்டு வைத்திருந்தேன்.
"இந்த மலைக்கு என்ன பேருங்க?"

தெரியவில்லை.
பதினோரு வருஷம் அங்கே முட்டி தேய்த்தவன்,
தரையைத் தாண்டி ஃபோகஸ் போனதே இல்லை.
"கேட்டுச் சொல்றேம்மா."
படத்துக்குக் காசு நீட்டினார். வேண்டாமென்றேன்.
அவர் முகம் மாறியதைப் பார்த்து
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
கனகு பில் புத்தகத்தைப் புரட்டி
எந்த வரியில் எழுதுவதென்று கேட்டாள்.

ஆடு மேய்க்கிற முனியன் ஒரு பேர் சொன்னான்,
டோல்கேட்டில் இன்னொன்று.
இரண்டையும் எழுதி சங்ககிரிக்கு அனுப்பினேன்.

வியாழக்கிழமை ஒரு தேதி இருக்கிறது,
நூற்று நாற்பத்து நாலு.
அன்றைக்கு வந்த நிச்சயதார்த்தத்துக்கு
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
மழை என்கிறார்கள்.
பேட்டரி சார்ஜில் கிடக்கிறது,
பச்சை விளக்கு இன்னும் வரவில்லை.